தொடுவதற்கு முன் கேளுங்கள்

பாலக்காட்டில் தொழில் கற்று, கோவையில் பெண்களுக்கான ஆயுர்வேத சிகிச்சை அறை நடத்திவரும் தெரபிஸ்ட், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

எனக்கு 22 வயது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். ஆயுர்வேத தெரபிஸ்ட் ஆக வேண்டும் என்று ஆசை. "மசாஜ் வேலைக்குப் போகிற பெண்ணை எவன் கட்டுவான்?" என்று அம்மா அழுகிறார். எங்கே படிப்பது? அம்மாவிடம் என்ன சொல்வது?
– வாசகி, திருப்பூர்

உன் வயதில் எனக்கு மகள் இருக்கிறாள். அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன் கண்ணு.

அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடாதே. ஸ்பாவில் ரெய்டு என்று பேப்பரில் வருகிறதே, அதைத்தான் அவர் படித்திருப்பார். ஆயுர்வேத ஆஸ்பத்திரியின் சிகிச்சை அறை அவர் கண்ணில் பட்டிருக்காது. வாயால் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அம்மாவுக்கு முழங்கால் வலியோ முதுகு வலியோ இல்லாமலா இருக்கும்? நல்ல ஆயுர்வேத ஆஸ்பத்திரி ஒன்றில் மருத்துவரைப் பார்க்க வைத்து, அவர் எழுதிக் கொடுக்கிற சிகிச்சையை எடுக்கச் சொல். பெண் நோயாளிக்குப் பெண் தெரபிஸ்ட், ஆணுக்கு ஆண் என்பதும், மருத்துவர் சீட்டு இல்லாமல் தைலம் சூடாகாது என்பதும், உடம்பில் எந்தப் பகுதியில் வேலை நடக்கிறதோ அது தவிர மற்றதெல்லாம் துணியால் மூடியிருக்கும் என்பதும் அவருக்கே தெரிந்துவிடும். என் அறைக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர் முதல் நாள் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவார்கள். மூன்றாம் நாள் தங்கையையோ நாத்தனாரையோ கூட்டி வருவார்கள்.

இன்னொன்றும் சொல். இது எங்கிருந்தோ நேற்று வந்த வேலை இல்லை. சித்த மருத்துவத்தில் 32 வகைப் புற மருத்துவம் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒன்று தொக்கணம், அதாவது கையால் உடம்பைப் பிடித்துவிடுவது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதற்குள்ளேயே ஒன்பது உண்டு. கன்னியாகுமரிப் பக்கம் வர்ம ஆசான்களிடம் போனால் எந்த இடத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதைத்தான் முதலில் சொல்லித்தருவார்கள். அடிபட்டால் ஆபத்தான அந்த இடங்களுக்கு ஆயுர்வேதத்தில் மர்மம் என்று பெயர், கணக்கு 107. நம் மரபில் வர்மம், கணக்கு 108. உன் அம்மாவின் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்து, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்ட பாட்டி ஒருவர் இருந்திருப்பார். அவரை யாரும் கேவலமாகப் பேசியிருக்க மாட்டார்கள்.

படிப்புக்கு வருகிறேன். தமிழ்நாட்டு அரசின் இந்திய மருத்துவத் துறை 'நர்சிங் தெரபி' என்று டிப்ளமோ நடத்துகிறது. அதற்கு அறிவிப்பு வரும்போது விண்ணப்பித்துப் பார். கேரளாவில் செறுதுருத்தியில் மத்திய அரசின் பஞ்சகர்மா ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே டெக்னீஷியன் படிப்பு உண்டு. பெரிய ஆயுர்வேத ஆஸ்பத்திரிகள் சிலவும் ஆள் எடுத்துப் பழக்குகின்றன. பத்து நாளில் சர்டிபிகேட் என்று விளம்பரம் வந்தால் அந்தப் பக்கமே போகாதே. எலும்பு, தசை, ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் அடுத்தவர் உடம்பில் கை வைப்பது ஆபத்து.

எனக்குக் கற்றுத்தந்த சேச்சி முதலில் கையில் தைலத்தையே கொடுக்கவில்லை. பிழிச்சல் நடக்கும்போது அடுப்புப் பக்கம் நிற்க வைத்தார். அந்தச் சிகிச்சையில் நோயாளியைத் தோணி என்கிற நீளமான மரப் படுக்கையில் படுக்க வைத்து, இரு பக்கமும் ஆள் நின்று, வெதுவெதுப்பான தைலத்தில் துணியை முக்கி ஒரு கையால் பிழிந்துகொண்டே மறு கையால் தடவ வேண்டும். வழிந்து இறங்கும் தைலம் ஆறிப்போகும். அதைச் சேர்த்து மறுபடி வெதுவெதுப்பாக்கிக் கொடுப்பது என் வேலை. சூடு கூடினால் தோல் போய்விடும், குறைந்தால் நோயாளி நடுங்குவார். சூட்டைப் புறங்கையில் சொட்டிப் பார்த்துச் சொல்லத் தெரிந்த பிறகுதான் தோணிப் பக்கம் விட்டார். அப்புறம் எதிரில் நிற்பவரின் கை வேகத்தோடு என் கை வேகம் சேர வேண்டும். இடது காலில் ஒரு வேகம், வலது காலில் ஒரு வேகம் என்றால் சேச்சி வாய் திறக்க மாட்டார், நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்.

ஆரம்பத்தில் சம்பளம் பெரிதாக இருக்காது. பல இடங்களில் தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்துப் பேசுவார்கள். வேலைக்குச் சேரும் முன் தங்குமிடத்தை அம்மாவோடு போய்ப் பார். வேலை நேரம், வார விடுப்பு, பி.எஃப். எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேள். மாப்பிள்ளை விஷயத்துக்கு என்னிடம் தனியாகப் பதில் இல்லை. உன் வேலையைச் சொல்லக் கூச்சப்படுகிற வீடு உனக்கு வேண்டாம் என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும்.

அம்மாவுக்கு 71 வயது. இருபது வருடமாகச் சர்க்கரை. பாதம் மரத்துப்போய், ராத்திரியில் எரிச்சல் வேறு. வீட்டிலேயே தைலம் சூடாக்கித் தேய்த்து, உப்புக் கிழி ஒத்தடம் கொடுக்கலாமா?
– வாசகர், ஈரோடு

ஒத்தடம் வேண்டாம். இதைத் திட்டவட்டமாகச் சொல்கிறேன். மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது. நாம் கிழியை வைத்துவிட்டு "சூடு போதுமாம்மா?" என்று கேட்டால், அவர் நிஜமாகவே "இன்னும் கொஞ்சம் வை கண்ணு" என்பார். மறுநாள் காலையில் கொப்புளம் இருக்கும். சர்க்கரைக்காரருக்குப் பாதத்தில் புண் வந்தால் ஆற எத்தனை மாதம் ஆகும், எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும். வெந்நீர்ப் பை, வெந்நீரில் காலை வைப்பது எல்லாமே இதில் அடக்கம்.

அறை வெப்பத்தில் இருக்கும் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ உள்ளங்கையில் எடுத்து மெதுவாகத் தடவுங்கள். தடவுவதைவிட அந்தச் சமயத்தில் பார்ப்பது முக்கியம். குதிகால் வெடிப்பு, விரல் இடுக்கில் ஈரம், செருப்பு கடித்த தடம், நிறம் மாறிய இடம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். விரல் இடுக்கில் எண்ணெய் தேங்க விடாதீர்கள், பூஞ்சை வரும். முடிந்ததும் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் நடக்க விடவே கூடாது. இடுப்பெலும்பு முறிந்து வருகிற வயதானவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு இதில் பயமே வந்துவிட்டது. எரிச்சலுக்குச் சர்க்கரை மருத்துவரிடம் மருந்து இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

துபாயிலிருந்து வந்து நான்கு நாள் ஆகிறது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக வலிக்கிறது. தசைப்பிடிப்பு என்று நினைக்கிறேன். எந்தத் தைலம் தேய்க்கலாம்?
– வாசகர், ராமநாதபுரம்

எதையும் தேய்க்காதீர்கள், யாரையும் பிடித்துவிடச் சொல்லாதீர்கள். உங்கள் கடிதம் வந்ததுமே ஆசிரியர் குழுவிடம் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போகும்படி பதில் அனுப்பச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்து வந்த பிறகு, அல்லது ஆபரேஷன், பிரசவம் முடிந்த பிறகு ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் வலியும் இருந்தால் உள்ளே ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம். அழுத்தினால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போக வாய்ப்பு உண்டு. உயிருக்கே ஆபத்து. ஒரு ஸ்கேனில் தெரிந்துவிடும். மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

எங்கள் அறையில் இப்படி வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது வழக்கம். சிலருக்குக் கோபம் வரும், "காசு கொடுக்கிறேன், செய்யுங்கள்" என்பார்கள். காய்ச்சல், புதிதாக வந்த வீக்கம், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை, தோலில் பரவும் படை, கர்ப்பத்தின் முதல் மாதங்கள், இதில் எது இருந்தாலும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் கை வைப்போம். காசு போனால் போகட்டும்.

ஒன்பது வருடமாக ரிசார்ட் ஒன்றில் தெரபிஸ்டாக இருக்கிறேன். ஒரு நாளைக்கு ஏழு, எட்டு பேர். இப்போது கட்டைவிரல் அடி மூட்டு வலித்துக் கத்தி பிடிக்கக்கூட முடியவில்லை. வேலையை விட்டுவிடலாமா?
– சக தெரபிஸ்ட், கொடைக்கானல்

தங்கச்சி, ஏழெட்டுப் பேர் என்பது கை தாங்குகிற எண்ணிக்கை இல்லை. என்னிடம் இருக்கும் பெண்களுக்கு முழு உடம்புக்கும் எண்ணெய் தேய்த்துவிடும் அப்யங்கம் என்றால் நாளைக்கு நான்கோடு நிறுத்திவிடுவேன். இடையில் நெற்றியில் தைலத்தைத் தாரையாக ஊற்றுவது, முகம் என்று லேசான வேலை கொடுப்பேன். நிர்வாகத்திடம் தனியாகப் போய்ப் பேசாதே. கூட வேலை பார்க்கும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போ. வாயால் கேட்டுவிட்டு விடாமல் எழுதிக் கொடு.

முதலில் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பார். மூட்டுத் தேய்மானமா, தசைநார் உறை வீக்கமா என்று தெரியாமல் நாமே தைலம் போட்டுச் சமாளிப்பது நம் தொழிலில் எல்லோருக்கும் உள்ள கெட்ட பழக்கம். சில வாரம் கட்டைவிரலுக்கு முழு ஓய்வு தேவைப்படலாம்.

அப்புறம் நீ நிற்கிற விதத்தைப் பார். கட்டைவிரல் நுனியால் குத்தி அழுத்துகிறவர்களுக்குத்தான் இது சீக்கிரம் வருகிறது. விரல் பின்பக்கம் வளைகிறதா என்று ஒரு தோழியைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல். வளைந்தால் உன் மொத்தப் பாரமும் அந்தச் சின்ன மூட்டில்தான் இறங்குகிறது. அகலமான இடங்களுக்கு, முதுகு, தொடை, பிட்டம் இவற்றுக்கு முன்கையைப் பயன்படுத்து. ஆழமாகப் போக வேண்டிய இடத்தில் முழங்கையை மெதுவாக இறக்கு. கேரளத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் செய்யும் சவிட்டி உழிச்சல் களரிக்காரர்களிடமிருந்து வந்தது. கையைக் காப்பாற்றவும் அதில் வழி இருக்கிறது. ஆனால் முறையாகக் கற்காமல் யார் முதுகிலும் ஏறக்கூடாது.

மேசை உயரம் இன்னொரு பிரச்சினை. நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் விரல் கணு மேசையைத் தொட வேண்டும். மரத் தோணியின் உயரத்தை மாற்ற முடியாது. நான் குள்ளம், அதனால் பக்கத்தில் அகலமான பலகை போட்டு அதில் நிற்பேன். எண்ணெய் படிந்தால் வழுக்கும், ரப்பர் மேட் ஒட்டிக்கொள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்து நின்று, அழுத்தம் வேண்டும்போது முன் காலுக்குச் சாய். தோளை உயர்த்திக் கையால் தள்ளாதே. "நல்லா அழுத்துங்க, இன்னும் அழுத்துங்க" என்று கேட்பவருக்காக உன் மூட்டைக் கொடுக்காதே. மெதுவாக, நேரம் எடுத்து இறங்கும் கைக்குத் தசை தானாக இடம் விடும். வேகமாகக் குத்தினால் அது இறுகிக்கொள்ளும்.

வேலையை விட வேண்டுமா என்றால், இப்போதே முடிவெடுக்காதே. ஒன்பது வருடம் பழகிய கை அது. கற்றுக்கொடுக்கிற வேலைக்கு உன்னைப் போன்றவர்கள் இங்கே போதவில்லை.

சலூனில் முடி வெட்டியதும் கழுத்தைப் பிடித்துத் திருப்பிச் சொடக்கு எடுக்கிறார்கள். சுகமாக இருக்கிறது. தொடரலாமா?
– வாசகர், சேலம்

நிறுத்திவிடுங்கள். கழுத்தெலும்புக்கு உள்ளே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. சட்டென்று திருகும்போது அதன் உள்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனால் இளம் வயதுக்காரர்களுக்கும் நடந்திருக்கிறது. தோளையும் தலையையும் பிடித்துவிடச் சொல்லுங்கள், அதில் தவறில்லை. திருப்புவதற்குக் கை போனால் "வேண்டாண்ணே" என்று சொல்லிவிடுங்கள்.

பேரன் பிறந்து பத்து நாள். குளிப்பாட்ட வரும் பாட்டி மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுகிறார், மாரைப் பிதுக்கிப் பால் எடுக்கிறார், மூக்கை இழுத்து நீவுகிறார். மருமகள் கூடாது என்கிறாள். யார் சொல்வது சரி?
– வாசகி, தஞ்சாவூர்

உங்கள் மருமகள் சொல்வதுதான் சரி அம்மா. மூக்கில் விடும் எண்ணெய் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குப் போய் நிமோனியாவைக் கொண்டுவரும். காதிலும் வேண்டாம். பிறந்த குழந்தையின் மார்பு கொஞ்சம் வீங்கி இருப்பது தாயின் ஹார்மோனால், தானே வடிந்துவிடும். பிதுக்கினால் சீழ் பிடிக்கும். மூக்கை நீவி எடுப்பாக்க முடியாது.

பாட்டியை நிறுத்த வேண்டாம். அவர் கையில் இருக்கும் நிதானம் லேசில் வராது. குழந்தையைக் காலில் போட்டுக்கொண்டு, தேங்காய் எண்ணெயால் நெஞ்சிலிருந்து தோளுக்கும், தொடையிலிருந்து பாதத்துக்கும் இதமாகத் தடவட்டும். உச்சிக்குழியில் அழுத்த வேண்டாம், தடுப்பூசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம், பால் குடித்தவுடன் வேண்டாம். குழந்தை முகத்தைத் திருப்பி, உடம்பை விறைத்து அழுதால் அன்றைக்குப் போதும் என்று அர்த்தம். பாட்டியிடம் இதை நீங்களே சொல்லுங்கள். மருமகள் சொன்னால் சண்டையாகும், நீங்கள் சொன்னால் கேட்பார்.

மசாஜ் செய்தால் எடை குறையுமா? உடம்பில் உள்ள நச்செல்லாம் வெளியேறுமா?
– வாசகி, சென்னை

எடை குறையாது. நச்சை வெளியேற்றும் வேலையை ஈரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. தசை இறுக்கம் குறையும், வலி கொஞ்ச நாளைக்குத் தணியும், நல்ல தூக்கம் வரும், மனசு அமைதியாகும். நான் பணம் வாங்குவது இதற்குத்தான். இதற்கு மேல் சொல்லி ஆள் பிடிக்க மாட்டேன்.

ஸ்பாவில் வேலை பார்க்கிறேன். சில வாடிக்கையாளர்கள் கண்டபடி பேசுகிறார்கள். புகார் செய்தால் முதலாளி "அனுசரித்துப் போ" என்கிறார். அறைக்குள்ளேயே கேமரா வைக்கப் போவதாகவும் சொல்கிறார். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

முதல் வார்த்தையிலேயே கையை எடுத்துவிடுங்கள். "சிகிச்சை முடிந்தது, உடை மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். விளக்கம் சொல்லவோ வாதாடவோ வேண்டாம். எங்கள் அறையில் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது, திரைதான். கூப்பிடும் தூரத்தில் எப்போதும் இன்னொருவர் இருப்பார். என்னென்ன சிகிச்சை, எந்தெந்த இடம், எவ்வளவு நேரம் என்று முன்பே எழுதி வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். பாதித் தொல்லை அதிலேயே நின்றுவிடும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள் புகார்க் குழு இருக்க வேண்டும். வாடிக்கையாளரின் தொல்லையும் அதில் அடங்கும். சிறிய இடமென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். நாள், நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அன்றன்றே எழுதி வையுங்கள்.

கேமரா விஷயம் நீதிமன்றம் வரை போனது. ஸ்பாக்களில் கேமரா வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு வந்த கொஞ்ச நாளில், 2022 ஜனவரியில் மதுரைக் கிளை, உள்ளே கேமரா வைப்பது அந்தரங்க உரிமையை மீறுவது என்று சொன்னது. வரவேற்பறையிலும் நடைவழியிலும் இருக்கட்டும். உடம்பில் துணி குறைவாக ஒரு பெண் படுத்திருக்கும் அறைக்குள் கேமரா என்றால் நான் வேலை பார்க்க மாட்டேன், நீங்களும் பார்க்காதீர்கள். 'அனுசரித்துப் போ' என்கிற முதலாளியிடம் இருந்தால் உங்கள் பெயரும் கெடும், நம் தொழிலின் பெயரும் கெடும். வேறு இடம் தேடுங்கள். முறையான ஆஸ்பத்திரிகளில் பயிற்சியுள்ள பெண்களுக்கு எப்போதும் தேவை இருக்கிறது.

என் தம்பிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அவன் இந்தத் தொழிலுக்கு வர முடியுமா?
– வாசகி, மதுரை

தாராளமாக. ஜப்பானில் பார்வையற்றோர் பள்ளிகளிலேயே இதைப் பாடமாகக் கற்றுத்தந்து தேசிய உரிமத்துக்குத் தயார் செய்கிறார்கள். பல நூறு ஆண்டுப் பழக்கம் அது. தென்கொரியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும்தான் மசாஜ் உரிமம் என்றே சட்டம். பார்வையுள்ளவர்கள் அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2008-இல் அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. தசை எங்கே இறுகியிருக்கிறது என்பதை நாங்களும் கண்ணால் பார்ப்பதில்லை, கைதான் சொல்கிறது.

நடைமுறையில் இரண்டு உதவி வேண்டும். தோலில் படை, காயம், நிற மாற்றம் இருக்கிறதா என்று தொடங்கும் முன் பார்வையுள்ள ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். சூடான தைலம், அடுப்பு சம்பந்தப்பட்ட வேலையை வேறொருவர் செய்ய வேண்டும். தைலப் பாட்டில்களை எப்போதும் அதே இடத்தில், அதே வரிசையில் வைத்துவிட்டால் மற்றதைத் தம்பியே பார்த்துக்கொள்வார்.

வீட்டோடு சின்னதாகச் சிகிச்சை அறை ஆரம்பித்திருக்கிறேன். எண்ணெய் டவல்களைத் துவைத்து மாளவில்லை. டிரையர் வாங்கலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

வெயிலில் காயப்போட இடம் இருந்தால் டிரையர் வேண்டாம். இது வெறும் கரண்ட் பில் விஷயமில்லை. நல்லெண்ணெய் போன்றவை ஊறிய துணியில், துவைத்த பிறகும் கொஞ்சம் எண்ணெய் தங்கிவிடும். டிரையரிலிருந்து சூடாக எடுத்து மடித்து அடுக்கினால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து உள்ளுக்குள் இன்னும் சூடாகிக்கொண்டே போய், யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். வெளிநாட்டு ஸ்பாக்களில் இப்படித் தீ விபத்துகள் நடந்திருக்கின்றன.

வேலை முடிந்ததும் டவலைப் பயத்தம் மாவு தூவிக் கசக்கி எண்ணெயை இழுத்துவிட்டு, நல்ல சூடான தண்ணீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவையுங்கள். துவைக்காத துணியை மூலையில் குவிக்காமல் மூடியுள்ள இரும்பு டின்னில் போடுங்கள். மழைக்காலத்துக்காக டிரையர் வாங்கியே ஆக வேண்டும் என்றால், எடுத்ததும் உதறிக் கொடியில் ஆறவிட்ட பிறகே மடியுங்கள். துவைத்தும் சிக்கு வாடை போகாத டவலை வாடிக்கையாளருக்கு விரிக்காதீர்கள், கழித்துவிடுங்கள்.